ஆடியில் போட்ட பாத்தி

05.02.2024, திங்கள்

காணிக் கடிதம் வந்திட்டுது. பளைக்கு அங்கால கிடக்கிற எங்கட ஆறு பரப்புக் காணியிலயும் கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுதாம், இனி உரிமையாளர் போய்வரலாமாம். பதினெட்டு வருசம் கழிச்சு. அதிலயும் என்ர பெயரைப் பேரின்பநாதன் எண்டு எழுதியிருக்கினம். முப்பத்திரண்டு வருசம் தபால் கந்தோரில இருந்தவனுக்குப் பெயர் பிழைச்சுக் கடிதம் வருது. பேரின்பநாயகம் எண்டு நானே பேனையால திருத்தி வைச்சன்.

தங்கச்சி இந்திராணி அதை இரண்டு தரம் வாசிச்சாள். பிறகு அரிசி களைஞ்சுகொண்டே, அப்ப இனித் தோண்டிப் பாக்கலாம்தானே எண்டு கேட்டாள். என்னத்தை எண்டு நான் கேக்கேல்லை. இந்த வீட்டில தோண்டிப் பாக்க வேண்டிய விசயம் ஒண்டே ஒண்டுதான்.

சமாதான காலத்தில அந்தக் காணியில வீடு கட்டி, நான், தம்பி திருச்செல்வம், அவன்ர மனிசி சறோ, அவையின்ர பிள்ளை, இந்திராணி எல்லாரும் ஒண்டா இருந்தம். 2006 ஆடியில நானும் இந்திராணியும் அவளின்ர கலியாணச் சீலை எடுக்க யாழ்ப்பாணம் வந்த நேரம் சண்டை துவங்கி றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள். நாங்கள் இஞ்சால, அவையள் அங்கால. இந்திராணிக்கெண்டு அப்பா செய்து வைச்ச பதக்கம் சங்கிலி, அட்டியல், ஆறு காப்பு எல்லாம் அங்க சறோவின்ர கையில. தம்பி 2009 சண்டைக்குள்ள செத்துப்போனான். 2010 இல அகதி முகாமால வெளிய வந்த சறோ சொன்ன கதை, நகையைப் பனங்கிழங்குப் பாத்திக்குக் கீழ தாட்டிட்டு ஓடினவளாம்.

பாத்தி. அதுவும் ஆடி மாதத்தில. பனம்பழம் அப்பதான் விழவே துவங்கும். விதை சேத்துப் பாத்தி போட ஆவணி, புரட்டாதி ஆகும். நான் வெளிக்கிட்ட அண்டைக்கு அந்த வளவில பாத்தி இருக்கேல்லை, இது சத்தியம். மூண்டாம் நாள் சனம் இடம்பெயர்ந்திட்டுது. செல்லடிக்குள்ள இருந்து ஆர் கிழங்குக்குப் பாத்தி போட்டது? பொய் சொல்லுறதெண்டாலும் மாதம் பாத்துச் சொல்ல வேணும். அண்டைக்கே வாசல் படலையில வைச்சுக் கள்ளி எண்டு சொன்னன். வேற ஆரும் ஏமாறக்கூடாது எண்டு தெரிஞ்ச சனத்துக்கெல்லாம் சொன்னன். கனடாவில இருக்கிற சொந்தக்காரருக்கும் எழுதினன்.

06.02, செவ்வாய்

இந்திராணி கிணத்தடியில நிண்டு போனில கதைச்சது சறோவோடை. இது இரண்டு வருசமா நடக்குதாம். சறோ கொடிகாமத்தில தையல் தைச்சுச் சீவிக்கிறாளாம், மகள் கம்பஸில படிக்கிறாளாம். என்ர சோத்தைத் திண்டுகொண்டு என்ர முதுகுக்குப் பின்னால.

கத்தி முடிய ஒரு முடிவு சொன்னன். நான் போய் ஆளை வைச்சு, மண்ணுக்க கிடக்கிற உலோகம் பிடிக்கிற மிசின் வைச்சுத் தேடுறன். நகை கிடைச்சால் நானே கொடிகாமம் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வாறன். கிடைக்காட்டி இனி இந்த வீட்டில அந்தப் பெயர் எடுக்கக்கூடாது, போனும் இல்லை. இந்திராணி யோசிக்காமல் ஓம் எண்டிட்டாள். அது எனக்குப் பிடிக்கேல்லை.

08.02, வியாழன்

தனியப் போய்க் காணியைப் பாத்திட்டு வந்தன். பஸ் கொடிகாமத்தில நிண்டது. நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டிருந்தன்.

வீடு இல்லை. அத்திவாரக் கல்லுத்தான் கிடக்கு. கிணறு கிடக்கு, தண்ணியும் கிடக்கு. கண்ணிவெடிக்காரர் பத்தையெல்லாம் வெட்டி, மரங்களை மட்டும் விட்டிருக்கினம். கிணத்துக்குப் பின்னால ஒரு வடலிக் கூட்டம், இளம் பனையள், கோதாரி, ஒண்டை ஒண்டு முட்டிக்கொண்டு நிக்குது. மற்ற இடத்தில விழுந்து முளைச்சதெல்லாம் அங்கொண்டு இங்கொண்டாத்தான் நிக்குது. இது பத்தடி நீளமும் நாலடி அகலமும் வரும். அளக்கேல்லை, கண்மட்டம்தான். கிட்டப் போக மட்டைக் கருக்கு கையைக் கீறிப்போட்டுது.

நேரத்துக்கே திரும்பி வந்திட்டன். வெயில்.

09.02, வெள்ளி

மிசின்காரப் பிள்ளையோடை போனில கதைச்சன். துஷ்யந்தி எண்டு பெயர். பதினொரு வருசம் கண்ணிவெடி எடுக்கிற வேலையில இருந்தவளாம், இப்ப சனத்தின்ர காணியளில தாட்ட சாமான் தேடிக் குடுக்கிறாளாம். பொலிசிட்டையும் கிராம சேவகரிட்டையும் கடிதம் எடுத்து வைச்சால்தான் வருவாளாம். எனக்கு அது பிடிச்சுது.

மிசினுக்கு இரண்டு வளையம் வைச்சிருக்கிறாளாம். பெரிய வளையம் ஆழமாப் பாக்கும், ஆனால் பக்கத்தில பக்கத்தில கிடக்கிறதைப் பிரிச்சுச் சொல்லாது. சின்ன வளையம் ஆழம் போகாது, ஆனால் ஆணிக்கு நடுவில கிடக்கிற மோதிரத்தையும் பிடிக்கும், நெருக்கத்துக்குள்ளயும் போகும். காணியில மரம் செடி நெருக்கமா இருக்கோ எண்டு கேட்டாள்.

வெறும் வெட்டை வெளி எண்டு சொன்னன். பெரியது மட்டும் போதும்.

12.02, திங்கள்

தேடல் துவங்கியாச்சு. துஷ்யந்திக்கு ஒரு நாப்பது வயது வரும். மெலிஞ்ச பிள்ளை, கதை குறைவு. காதில ஹெட்போன், கையில மிசின், கால் அடிமேல் அடி. நூல் பிடிச்சுக் காணியை ஒழுங்கை ஒழுங்கையாப் பிரிச்சாள். அந்த ஒழுங்கு எங்கட கந்தோரில இருந்திருந்தால் நான் கனகாலம் சந்தோசமா வேலை பாத்திருப்பன்.

கண்ணிவெடிக்காரர் ஏற்கெனவே மிசின் பிடிச்ச நிலம்தானே, இருந்தால் அவையள் எடுத்திருக்க மாட்டினமோ எண்டு கேட்டன். அவை மேல்மண்ணைத்தானாம் பாக்கிறது, அரையடி அளவில. அதுக்குக் கீழ கிடக்கிறது கிடந்தபடிதான் கிடக்குமாம். மிசினில தங்கம், பித்தளைக்கு ஒரு சத்தம், இரும்புக்கு ஒரு சத்தம். இண்டைக்கு முழுக்க இரும்புச் சத்தம்தான். செல் துண்டு, கம்பி, ஒரு தண்ணிப் பைப், சைக்கிள் பெடல். பெடல் தம்பியின்ரயாயிருக்கும். அவன் அந்தச் சைக்கிளில முன் பாரில இந்திராணியை வைச்சுக்கொண்டு போவான். பெடலைத் துடைச்சுப் பைக்குள்ள வைச்சன்.

13.02, செவ்வாய்

முன்வளவு முழுக்க முடிஞ்சுது. ஒண்டுமில்லை. வலது பக்கமும் இல்லை. பின்னேரம் துஷ்யந்தி வடலிக் கூட்டத்தடியில போய் நிண்டாள். கனநேரம் நிண்டாள். இது என்ன ஐயா எண்டு கேட்டாள். பழைய தண்ணி ஓடின கான், ஈரத்துக்கு முளைச்சிருக்கும் எண்டன். இதுக்குள்ள இந்த வளையம் போகாது, சின்னனைக் கொண்டு வந்திருக்கலாம் எண்டாள். தேவையில்லைப் பிள்ளை, அங்க ஒண்டும் தாட்டிருக்க மாட்டினம் எண்டு சொன்னன். அவள் என்ர முகத்தைப் பாத்தாள். பிறகு ஹெட்போனைக் கழட்டி மடிச்சு வைச்சாள்.

அவளுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கோ? நான் கூப்பிட்ட ஆள்.

14.02, புதன்

முடிஞ்சுது. நகை இல்லை. பதினாலு வருசமா நான் சொன்னது சரி. வீட்டுக்கு வந்து இந்திராணிக்கு அப்பிடியே சொன்னன். அவள் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, எங்கயெல்லாம் பாத்தனீங்கள் எண்டு கேட்டாள். எல்லா இடமும் எண்டன். பாத்தி எண்டு சொன்ன இடத்திலயுமோ எண்டாள். பாத்தியே இல்லாத காணியில பாத்திக்கு இடம் எங்க எண்டு கேட்டன்.

சாப்பாடு ருசியாத்தான் இருந்தது. பாதியில எழும்பிட்டன்.

16.02, வெள்ளி

பளையில மண் வழிக்கிற பெக்கோக்காரன் ஒருவனைப் பிடிச்சு, வாற வெள்ளி வந்து நிலத்தை மட்டமாக்கித் தரச் சொன்னன். வடலியையும் வழிச்சு எடுக்க வேணும். பனை தறிக்க அனுமதி வேணுமே எண்டு கேட்டன். வளந்த பனைக்குத்தான் ஐயா, வடலிக்கு ஆர் கேக்கப்போகினம் எண்டான். பிறகு ஒரு சின்ன வீடு கட்டலாம். கட்டாட்டியும் துப்புரவா இருக்கட்டும்.

பெக்கோ கதை இந்திராணிக்குச் சொல்லேல்லை. அவளுக்கு ஏன்.

18.02, ஞாயிறு

பெக்கோக்காரன் வீட்டு நம்பருக்கு எடுத்திருக்கிறான், இந்திராணி எடுத்துக் கதைச்சிருக்கிறாள். வந்து, வடலியை ஏன் வழிக்கிறியள் எண்டு கேட்டாள். நான் பேப்பர் வாசிச்சன். நாளைக்கு நானும் காணிக்கு வாறன் எண்டாள். வெயில், பஸ் நெரிசல், உனக்குக் கால் வீங்கும் எண்டு எல்லாம் சொன்னன். என்ர காணியும்தானே எண்டாள். இவள் இப்பிடிக் கதைச்சு நான் கண்டதில்லை.

19.02, திங்கள்

கிடைச்சிட்டுது.

20.02, செவ்வாய்

நேற்று எழுத ஏலேல்லை. இண்டைக்கு எழுதுறன்.

நாங்கள் போய் இறங்க, படலை இருந்த இடத்தில துஷ்யந்தி நிண்டாள். கையில சின்ன வளையம், ஒரு தேங்காய்ப் பாதியளவு. என்ர கொப்பியைப் பாத்து நம்பர் எடுத்து இந்திராணிதான் வரச்சொன்னவள். நான் ஏச வாயெடுத்தன். இந்திராணி என்னைத் தாண்டிக் கிணத்தடிக்குப் போயிட்டாள். அந்த வளவில அவள் பதினெட்டு வருசமாக் கால் வைக்கேல்லை. அத்திவாரத்தைப் பாக்கேல்லை, கிணத்தைப் பாக்கேல்லை. நேர வடலியடிக்குப் போய் ஒரு சுத்துச் சுத்தி வந்தாள். மூலைக்கு மூலை நிண்டு பாத்தாள்.

"அண்ணை, இது பாத்தி."

நான் கிணத்தை எட்டிப் பாத்தன்.

"கிழங்கு பிடுங்க ஆக்கள் இல்லாமப் போன பாத்தி. அப்பிடியே வளந்திருக்கு."

எந்த விசரனுக்கும் தெரியும். பாத்தியில விதையை நெருக்கி அடுக்குவினம், மூண்டு நாலு மாதத்தில கிழங்கைப் பிடுங்குவினம். பிடுங்காட்டி வடலி. ஆடியெண்டு பாக்காமல், மாதம் பாக்காமல், கிடைச்ச பனங்கொட்டையைப் பொறுக்கி அவள் போட்டிருக்கிறாள். கிழங்குக்காகப் போடேல்லை. கிண்டின மண்ணை மறைக்கப் போட்டது. புது மண்ணைக் கண்டால் ஆரும் தோண்டிப் பாப்பினம், பாத்தியைக் கண்டால் பாத்தியெண்டு விட்டிட்டுப் போவினம். தலையில செல் கூவேக்க இவ்வளவு யோசிச்சிருக்கிறாள்.

துஷ்யந்தி முழங்காலில இருந்து வடலிக்கு நடுவால சின்ன வளையத்தை விட்டாள். கருக்கு கையைக் கிழிக்காமல் சாக்குத் துண்டு சுத்தியிருந்தாள். நடுவில ஓரிடத்தில நிண்டாள். போனாள், திரும்பி வந்தாள், மற்றப் பக்கத்தாலயும் வந்து அதே இடத்தில நிண்டாள். ஹெட்போனைக் கழட்டி இந்திராணியின்ர காதில வைச்சாள். எனக்குத் தரேல்லை.

ஐஞ்சு வடலி தறிச்சம். வேர் தும்புக்கயிறு முறுக்கினமாதிரிக் கிடந்தது. இரும்பு அலவாங்கால நான் மேலால இடிக்கப் போக துஷ்யந்தி கையைப் பிடிச்சிட்டாள். அவையின்ர வேலையில மேலால தோண்டுறதில்லையாம். தள்ளி ஒரு கிடங்கு வெட்டி, பக்கத்தால, கரண்டியால மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் கிட்டப் போறதாம். நகைதானே பிள்ளை, வெடிக்கவோ போகுது எண்டன். பழகின கை ஐயா எண்டாள். ஒரு முழம் வர மூண்டு மணித்தியாலம் எடுத்துது. அந்த மூண்டு மணித்தியாலமும் நான் கிடங்கு விளிம்பில குந்தியிருந்து, இரும்பா இருக்க வேணும், இரும்பா இருக்க வேணும் எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொண்டிருந்தன். கடவுளே, இதை எழுதத்தான் வேணுமோ. எழுதியாச்சு.

ஒரு பால்மாத் தகர ரின். துருவேறிச் சல்லடையாப் போட்டுது. உள்ளுக்க பொலித்தீன், அதுக்குள்ள பிள்ளையின்ர சட்டை, சட்டைக்குள்ள பதக்கம் சங்கிலி, அட்டியல், ஆறு காப்பு. ஒண்டும் குறையேல்லை. தனிய இன்னொரு துணியில இரண்டு மெல்லிய காப்பு. அது சறோவின்ர, தாய்வீட்டுக் காப்பு. தன்ரதையும் சேத்துத் தாட்டிட்டு, கையில ஒண்டுமில்லாமல் பிள்ளையோடை ஓடியிருக்கிறாள். அதைக்கூட எனக்கு அவள் சொல்லேல்லை. சொல்ல நான் விட்டாத்தானே. முகாமால வந்து படலையில நிண்டவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க முதல் நகை எங்க எண்டு கேட்டனான்.

நீ இண்டைக்குப் பிள்ளை குட்டியோடை இருந்திருப்பாய், இந்த நகையைக் காணாததால எல்லாம் பாழாப்போச்சு எண்டு என்னையறியாமல் இந்திராணிக்குச் சொல்லிப்போட்டன். அவள் காப்பில ஒட்டின மண்ணைச் சீலைத் தலைப்பால துடைச்சுக்கொண்டே சொன்னாள், "நகையால என்ர கலியாணம் நிக்கேல்லை. றோட்டுப் பூட்டி ஒரு மாதத்திலயே மாப்பிள்ளை வீட்டார் வேற இடம் பேசிட்டினம். உங்களுக்குத் தெரியும் அண்ணை."

தெரியும். அவை அனுப்பின கடிதத்தைக் கந்தோரில நான்தான் முதல் உடைச்சனான்.

21.02, புதன்

பெக்கோ வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. இந்திராணி மூண்டு நேரமும் சாப்பாடு போட்டு மூடி வைக்கிறாள்.

24.02, சனி

கொடிகாமம் போனன். சொன்ன சொல்லு.

சந்தைக்குப் பின்னால ஒரு அறை, முன்னால தகரக் கூரை போட்ட பத்தி, அதுக்குள்ள தையல் மிசின். சறோ மெலிஞ்சு தலை நரைச்சுப்போனாள். என்னைக் கண்டதும் எழும்பினாள், கதிரையைத் துடைச்சு வைச்சாள். பிளேன்ரீ போட்டுத் தந்தாள். நான் அவளுக்குத் தண்ணி குடுக்கேல்லை, அவள் எனக்குத் தேத்தண்ணி தந்தாள். குடிச்சு முடிச்சன்.

நகையை மேசையில வைச்சன். தன்ர இரண்டு காப்பையும் எடுத்து மடியில வைச்சாள். மிச்சத்தை எனக்குத் தள்ளிவிட்டாள். கண் கலங்கேல்லை. ஒரு நூலை வெட்டிக்கொண்டு கேட்டாள்.

"ஆமிக்காரனோ ஆரோ முதலே கிண்டியெடுத்திருந்தால்?"

எனக்கு விளங்கேல்லை எண்டமாதிரிப் பாத்தன்.

"கிடைக்காமல் போயிருந்தால் நான் சாகுமட்டும் கள்ளிதானே, அண்ணை?"

அதுக்குப் பிறகு மறைக்க என்ன கிடக்கு. சொன்னன். வடலியை முதல் நாளே கண்டனான், கண்டவுடனேயே விளங்கினது. சின்ன வளையம் வேண்டாம் எண்டு சொன்னது அதாலதான். பெக்கோ பிடிச்சதும் அதாலதான். உன்னைக் கள்ளியா வைச்சிருந்தால் நான் நல்லவனா இருப்பன். எல்லாம் சொன்னன். மன்னிச்சுக்கொள் எண்டும் சொன்னன். எழுவது வயதில முதல் தரம் எண்டு நினைக்கிறன். வீட்டை வா, உன்ர வீடுதான் எண்டு கூப்பிட்டன்.

மிசின் சில்லைக் கையால சும்மா சுத்திக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லமாச் சொன்னாள்.

"எனக்கு வந்து சொல்லத் தேவையில்லை. நான் எடுக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் ஆர் ஆருக்குச் சொன்னீங்களோ, அவைக்குப் போய்ச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு வாறன்."

25.02, ஞாயிறு

காலமை இருந்து பெயர் எழுதினன். ஒழுங்கை ஒழுங்கையா நினைச்சு நினைச்சு எழுதினன். நாப்பத்திமூண்டு பேர். இதில பதினாறு பேர் செத்துப்போச்சினம். கள்ளி எண்டு நம்பிக்கொண்டே செத்துப்போச்சினம், அவைக்கு இனி ஆர் போய்ச் சொல்லுறது. கனடாவில எட்டுப் பேர், அவைக்குக் கடிதம் எழுத வேணும். இந்திராணி பின்னால வந்து நிண்டு கொப்பியைப் பாத்தாள். நான் விட்ட மூண்டு பெயரைச் சொன்னாள்.

பின்னேரம் முன்வீட்டு ஞானேஸ்வரி ரீச்சரிட்டத் துவங்கினன். படலையில நிண்டே சொன்னன். தம்பியின்ர மனிசி சறோ நகையை எடுக்கேல்லை, தாட்ட இடத்திலேயே கிடந்தது, நான் சொன்னது பொய், பிழை என்ரது எண்டு. ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டா. கேட்டு முடிய, என்ர தோளைத் தட்டி, நீங்கள் பெரிய மனுசன், அந்தக் கள்ளியின்ர மகளுக்கும் கலியாண வயது வருகுதெல்லே, அதுக்காக மறைச்சுக் கதைக்கிறியள், எனக்கு விளங்காதோ எண்டு சொல்லிச் சிரிச்சா.

இல்லை ரீச்சர், உண்மை எண்டன். நகையைக் கொண்டுவந்து காட்டட்டோ எண்டன். சரி சரி, நான் ஆருக்கும் சொல்ல மாட்டன், பயப்பிடாதேங்கோ எண்டா.

பதினாலு வருசத்துக்கு முதல் இதே படலையில நான் ஒருக்காத்தான் சொன்னனான். ஒரு சொல்லும் கேள்வி கேக்காமல் நம்பினவ. இண்டைக்கு நான் போகாமல் அங்கேயே நிண்டன். துவக்கத்திலயிருந்து இன்னொருக்காச் சொன்னன், சத்தமா, றோட்டால போற சனத்துக்கும் கேக்கட்டும் எண்டு.